ஸ்கேனர் வாங்கும்முன் பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 19,200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) என்ற எண்ணை நம்பி ஸ்கேனர் வாங்காதீர்கள். அது மென்பொருள் இடையிடையே புள்ளிகளை ஊகித்து நிரப்பிக் காட்டும் அளவு. புதிய விவரம் எதுவும் அதில் கிடைக்காது. பார்க்க வேண்டியது 'ஆப்டிகல்' ரெசல்யூஷன், அதாவது ஸ்கேனர் ஊகிக்காமல் உண்மையிலேயே படிக்கும் அளவு. அது 1200 x 2400 என்று இருந்தால் 1200தான் சென்சாரின் (ஒளியை உணரும் பாகத்தின்) உண்மையான திறன். 2400 என்பது மோட்டார் நகரும் நுணுக்கம் மட்டுமே.

கடிதம், ரசீது போன்றவற்றுக்கு 300 டிபிஐ போதும். பழைய புகைப்படத்தைப் பெரிதாக்க 600. 35 மி.மீ. நெகட்டிவ் என்றால் குறைந்தது 2400 வேண்டும். அதோடு மூடியில் ஃபிலிமுக்கான விளக்கும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் கறுப்பாகவே வரும். தேவைக்கு மேல் கூட்டினால் கோப்புதான் வீங்கும்: ஏ4 வண்ணப் பக்கம் சுருக்காத நிலையில் 300 டிபிஐயில் சுமார் 26 எம்பி, 600இல் அதன் நான்கு மடங்கு.

சென்சார் வகையைப் பலர் கவனிப்பதே இல்லை. சிஐஎஸ் வகை மெலிதானது, யுஎஸ்பி மின்சாரத்திலேயே பெரும்பாலும் ஓடும். ஆனால் கண்ணாடியை ஒட்டாத பகுதி மங்கிவிடும். தடித்த புத்தகத்தின் நடுமடிப்பு எழுத்துகள் கலங்குவது இதனால்தான். புத்தகங்களே முக்கியம் என்றால், கனமாக இருந்தாலும், கண்ணாடியைச் சற்று ஒட்டாத பகுதியையும் தெளிவாகப் படிக்கும் சிசிடி என்ற மற்றொரு சென்சார் வகையையே எடுங்கள்.

48 பிட் வண்ணம் (பிட் கூடினால் பதிவாகும் நிறச் சாயல்களும் கூடும்) நிழற்பகுதிகளைத் திருத்தும்போது உதவும். ஆவணங்களுக்கு 24 போதும். கட்டுக்கட்டாகத் தாள்கள் இருந்தால் தானாகத் தாள் இழுக்கும் ஏடிஎஃப் அவசியம், ஒரே ஓட்டத்தில் இரு பக்கமும் படிப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் கணினியின் இயங்குதளத்துக்கு டிரைவர் (ஸ்கேனரை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்பதைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.