தாவோ பழகும்போது சறுக்கும் இடங்கள்

தாவோ, அதாவது உலகம் நடக்கும் இயல்பான 'வழி' பற்றிய பழைய சீன நூல்களைச் சேர்ந்து வாசிக்கும் எங்கள் வட்டத்தில், பழையவர்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் புதியவர்களும் விழுகிறார்கள். பெயர்களை எப்படி உச்சரிப்பது, யின்-யாங் சின்னத்தில் எது மேலே என்பதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

வூ வெய் என்றால் சும்மா இருப்பது

வலிந்து செய்யாமை எனும் வூ வெய்யை இப்படிப் புரிந்துகொள்வதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அண்ணனோடு சேர்ந்து அச்சகம் நடத்திய ஒருவர் வட்டத்துக்கு வந்தார். சில மாதங்களில் வசூலுக்குப் போவதை நிறுத்தினார், வாடிக்கையாளர் போனையும் எடுப்பதில்லை. கேட்டால், "எல்லாம் அதன் போக்கில் நடக்கட்டும்" என்பார். கடைசியில் அண்ணி நகை அடகுக்குப் போனது. தாவோவின் மூல நூலான தாவோ தே ஜிங்கை எழுதியதாகச் சொல்லப்படும் லாவோ ட்சுவின் பெயரைச் சொல்லி இது நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

சுவாங் ட்சு என்ற இன்னொரு தாவோ நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் திங் என்ற சமையல்காரர், அரசர் முன்னால் மாடு அறுக்கிறார். சாதாரண சமையல்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுவார், தேர்ந்தவர் ஆண்டுக்கு ஒன்று. திங் அதே கத்தியை 19 ஆண்டுகளாக வைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்தும் இப்போதுதான் சாணை பிடித்தது போல இருக்கிறது. மூட்டுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் கத்தியை விடுகிறார், அவ்வளவுதான். பலரும் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த வரிகளையும் படியுங்கள். சிக்கலான இடம் வந்ததும் அவர் உஷாராகிறார், பார்வை ஒரே இடத்தில் நிற்கிறது, கை மெதுவாகிறது, கத்தி துளி அசைகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் அவர் கண்ணுக்கு முழு மாடுதான் தெரிந்ததாம். அது மாற மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வேலையைச் செய்துகொண்டே, அதிலிருந்து முரட்டுத்தனத்தை மட்டும் உதிர்த்தவருக்குத்தான் வூ வெய் கூடிவரும். அச்சகக்காரர் வசூலுக்குப் போயிருக்க வேண்டும். வாடிக்கையாளர் கையில் பணம் புரளும் நாள் பார்த்து, கத்தாமல் கெஞ்சாமல் கேட்டிருக்கலாம்.

முதல் வாரமே தாவோவோடு ஒன்றாவது

அதே நூலின் ஆறாம் அத்தியாயத்தில் யென் ஹுய், 'உட்கார்ந்து மறத்தல்' என்ற நிலை வரை எப்படிப் போனார் என்று வருகிறது. அன்பு, நீதி பற்றிய கொள்கைகளை முதலில் மறக்கிறார், அப்புறம் சடங்கையும் இசையையும். அந்த இரண்டு தடவையும் கன்பூசியஸ், "சரி, ஆனால் இன்னும் போதாது" என்றே சொல்கிறார். அதற்குப் பிறகுதான் உடலும் அறிவும் நழுவி, எல்லாவற்றோடும் ஒன்றாகிறார். யென் ஹுய் கன்பூசியஸின் தலைமாணாக்கர், இவற்றையெல்லாம் ஊறக் கற்றவர். கற்காதவரிடம் மறக்க என்ன இருக்கிறது?

சாகா மருந்து

தாவோவின் பெயரில் கொடுத்த, பாதரசம் கலந்த சாகா மருந்தைக் குடித்துச் செத்த சீனப் பேரரசர்கள் உண்டு. பொடி விற்கிறவரிடம் போகாதீர்கள்.

தாவோ தே ஜிங்கின் 81 அத்தியாயங்களையும் ஒரே இரவில் முடிப்பது

வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும்.