அரசியல் ஆய்வாளரின் புத்தக வெளியீட்டுக்குப் போகிறீர்களா?

யாழ்ப்பாணத்தில் ஓர் அரசியல் ஆய்வாளர் பேசி, புத்தகமும் வெளியிடுகிறார் என்றால் டிக்கெட், முன்பதிவு ஒன்றும் கிடையாது. பத்திரிகையிலோ முகநூலிலோ அழைப்பிதழைக் கண்டால் அதுவே அழைப்பு, பேசாமல் போகலாம். பிற்பகல் 3.30 என்று போட்டிருந்தால் 3.30க்கே போங்கள். கூட்டம் 4 மணிக்குப் பிறகுதான் தொடங்கும், அது வேறு கதை, ஆனால் ஃபானுக்குக் கீழே ஒரு கதிரை பிடிக்க அந்த அரை மணித்தியாலம் வேண்டும். முன் இரண்டு வரிசையில் மட்டும் இருக்காதீர்கள். பிந்தி வருகிற பிரமுகருக்காக உங்களை எழுப்பிப் பின்னுக்கு அனுப்புவார்கள்.

வீரசிங்கம் மண்டபமும் பொது நூலகமும் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கைலாசபதி கலையரங்கம் என்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போக வேண்டும். வீரசிங்கம் மண்டபத்தில் பேசுகிறவர்களில் ஒருவராவது 1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் வெளியே உயிர்கள் போனதைச் சொல்லித்தான் தொடங்குவார், நூலகத்தில் என்றால் 1981இல் அது எரிக்கப்பட்டதை. சொல்ல வேண்டியதுதான். ஆனால் முழுப் பேச்சும் அங்கேயே நின்றுவிட்டால் புத்தகத்தை அவர் வாசிக்கவில்லை என்று நீங்கள் சந்தேகப்படலாம்.

நிகழ்ச்சி நிரலை வாங்கியதும் கீழிருந்து மேலே பாருங்கள். மங்கள விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, மதிப்பீட்டுரை எல்லாம் முடிந்து, நன்றியுரைக்குச் சற்று முன்னால் இருக்கும் நூலாசிரியரின் ஏற்புரைதான் நீங்கள் கேட்க வந்த பேச்சு. அதற்குள் பாதிச் சனம் எழும்பிப் போயிருக்கும். வடமராட்சிக்கோ தீவுப்பக்கமோ திரும்ப வேண்டியவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலே விசாரித்து வையுங்கள். மதிப்பீட்டுரையைத் தவற விடாதீர்கள், நூலாசிரியரோடு கொஞ்சம் முரண்படுகிற ஒருவரைப் பிடித்துப் போட்டிருந்தால் அன்றைய கூட்டத்தில் உருப்படியானது அதுதான்.

வெளியூரில் இருந்து வருகிறவர்கள் முழிப்பது என்வலப்பில். முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் கொடுத்து முடிந்த பிறகு, சபையில் இருப்பவர்கள் காசை என்வலப்பில் போட்டு மேடைக்குக் கொண்டுபோய் நூலாசிரியரிடம் கொடுத்துப் புத்தகம் வாங்குவார்கள், கூடவே ஒரு படமும் எடுப்பார்கள். புத்தகம் 1,000 ரூபா என்றால் 1,000 ரூபா வைத்தால் போதும், கூட வைப்பது உங்கள் விருப்பம், அது அச்சுக்கூலிக்கு உதவும். மேடை ஏறக் கூச்சமென்றால் வாசலில் மேசை போட்டு விற்பார்கள், அங்கே வாங்குங்கள், மாற்றிய காசோடு போங்கள்.

கேள்வி நேரம் எல்லாக் கூட்டத்திலும் இருக்காது. இருந்தால் ஒலிவாங்கியை முதலில் பிடிப்பவர் கேள்வி கேட்க மாட்டார், தன் பேச்சை நிகழ்த்துவார். நீங்களும் அந்த வேலையைச் செய்யாதீர்கள். நூலாசிரியருடைய கட்டுரை இரண்டையாவது முதல்நாள் வாசித்துவிட்டு, ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள். “தமிழருக்குத் தீர்வு என்ன ஐயா?” என்று கேட்டால் எல்லா மேடையிலும் சொன்ன பதிலைத்தான் சொல்வார். அதையே, “வடக்கு மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் வைத்தார்கள், 2018இல் காலம் முடிந்தது, மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் போதாது என்று எழுதுகிற நீங்கள் அந்தச் சபைக்குத் தேர்தல் வை என்று கேட்பதை ஆதரிக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லித்தான் ஆக வேண்டும். கட்சிக்காரர் கைதட்டினாலும் முறைத்தாலும் பொருட்படுத்த வேண்டாம். பின்னால் நின்று படம் எடுப்பவர்கள் எல்லோரும் பத்திரிகையாளர்கள் அல்ல, புலனாய்வுக்காரரும் இருக்கலாம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், சபையின் படத்தை நீங்கள் முகநூலில் போடுவதானால் பக்கத்தில் இருப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கையொப்பத்துக்கென்று தனி மேசையும் வரிசையும் வைப்பது இங்கே குறைவு, நீங்களாகத்தான் அவரைப் பிடிக்க வேண்டும். மேடையில் என்வலப் கொடுக்கும்போது கேட்காதீர்கள், பின்னால் ஆட்கள் நிற்பார்கள். நன்றியுரை முடிந்து எல்லோரும் தேத்தண்ணியும் ரோல்ஸும் எடுக்கப் போகிற நேரம்தான் சரி. பேனை உங்களுடையதாக இருக்கட்டும், முதல் பக்கத்தை விரித்துப் பிடித்து, “சேர், ஒரு கையொப்பம்” என்றால் போதும். பெயரையும் எழுதச் சொல்வதானால் எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள், திகதியும் போடச் சொல்லுங்கள். பழைய புத்தகம் வீட்டில் இருந்தால் அதையும் கொண்டு போகலாம், புதிதையும் வாங்கியிருந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.