எஞ்சினில் ‘டிக் டிக்’ சத்தம்: டேப்பட்டில் கை வைக்கும் முன்

“டேப்பட் சத்தம் வருது, கொஞ்சம் டைட் பண்ணி விடுங்கண்ணே.” மதுரைப் பக்கம் எந்தப் பட்டறையில் நின்றாலும் இதைக் கேட்கலாம். டேப்பட் என்பது எஞ்சின் ஹெட்டில் வால்வைத் தட்டித் திறக்கும் ஸ்க்ரூ; டைட் செய்வது என்றால் அதற்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது. ஆனால் வருவது டேப்பட் சத்தம்தானா என்று முதலில் தெரிய வேண்டும். டேப்பட்டாகவே இருந்தாலும், சத்தம் அடங்கும்வரை டைட் செய்வது வைத்தியம் ஆகாது. அப்படி டைட் செய்த வண்டிகளில்தான் சில மாதம் கழித்து எக்ஸாஸ்ட் வால்வு கருகுகிறது.

காரணம் எளிது. எஞ்சின் சூடாகும்போது வால்வின் தண்டு நீள்கிறது. அந்த நீட்சிக்காகத்தான் வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கும் வால்வுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி விடுகிறார்கள். இடைவெளி இல்லாவிட்டால், சூடானபின் வால்வு தன் சீட்டில் (ஹெட்டில் அது மூடி உட்காரும் வளையம்) முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்த சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. உட்கார இடம் இல்லாதபோது விளிம்பு கருகி கம்ப்ரஷன் இறங்கும். காலையில் கிக்கர் அடித்து அடித்துக் கால் வலிக்கும், பிக்கப் செத்துப் போகும். அதனால் குளிர்ந்த எஞ்சினில் லேசாகக் கேட்கும் டேப்பட் சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சுத்தமாகச் சத்தமே இல்லாத டேப்பட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே சொல்வது ஸ்பிளெண்டர், பேஷன், பிளாட்டினா, பல்சர் 150 போன்ற காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு. டியூக் போன்றவற்றில் இடைவெளியை ஷிம் என்ற சிறு தகட்டை மாற்றித்தான் சரி செய்ய வேண்டும்; அதை வீட்டில் தொடாதீர்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சுவரை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இடத்தைத் தப்பாகக் காட்டும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தினால் எந்த இடத்தில் சத்தம் கூர்மையாகக் கேட்கிறது என்று தெரியும். முதலில் ஹெட்டில் டேப்பட் மூடிகளின் மேல் வையுங்கள். அடுத்து டைமிங் செயின் ஓடும் பக்கம், பிறகு சிலிண்டரின் நடு, கடைசியாக எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸ். துண்டு, துப்பட்டா, தொளதொள சட்டைக்கை எதுவும் வண்டிப் பக்கம் தொங்கக் கூடாது.

வேகத்தையும் கவனியுங்கள். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன் சுழற்றும் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐட்லிங் நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால் ஒரு வால்வு தட்டுவது 700 தடவை. டேப்பட் சத்தம் எஞ்சின் ஓட்டத்தைவிடச் சற்று நிதானமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். பிஸ்டன், கனெக்டிங் ராடு சத்தம் சுற்றுக்கு ஒன்றாக, கனமாக விழும். கிளட்ச்சைப் பிடித்தவுடன் சத்தம் மாறினால் கோளாறு கிளட்ச் பக்கம். எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருட்டும்போதும் கேட்டால் அது எஞ்சினே இல்லை. செயின், ஸ்ப்ராக்கெட், வீல் பேரிங்கைப் பாருங்கள்.

2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இன்ஜெக்டரே சன்னமாக ‘டிக் டிக்’ என்று அடிக்கும். இன்டேக் பக்கத்தில் ஒரே சீராக வந்தால் அது கோளாறில்லை. சில பழைய வண்டிகளில் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குக் காற்று விடும் சிறிய வால்வும் இப்படித் தட்டும்.

முதலில் ஆயில்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, வண்டி நேராக நிற்கும்போது அளவைப் பார்க்க வேண்டும். ஸ்பிளெண்டர் வகையில் டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, மரையைத் திருகாமல் சும்மா உட்கார வைத்து எடுத்துப் பார்ப்பதே முறை. திருகிப் பார்த்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது பார்க்கவே வேண்டாம்.

சித்திரைத் திருவிழா நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்றே கிடைக்காது. அந்த வெயிலில் பழைய ஆயில் தண்ணீராக இளகி, ஹெட்டில் படலம் நிற்காமல் சத்தம் கூடும். அதற்காக, மேனுவலில் 10டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் கிரேடு) சொன்ன வண்டிக்கு ‘கெட்டியா இருக்கட்டும்’ என்று 20டபிள்யூ-50 ஊற்றாதீர்கள். காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். மேனுவலில் உள்ள கிரேடையே வாங்குங்கள். அதில் பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்று காட்டும் ‘ஜாசோ எம்ஏ’ முத்திரை இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

அளவு சரி, ஆயிலும் புதிது, ஆனாலும் சத்தம் என்றால் ஹெட்டுக்கு ஆயில் ஏறுகிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்க டேப்பட் மூடியைக் கழற்றி ஐட்லிங்கில் ஓடவிட்டால் ராக்கர் நனைந்து ஆயில் தெறிக்க வேண்டும். முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். வறண்டு கிடந்தால் டேப்பட் வைத்து, அதாவது இடைவெளியைச் சரி செய்து, பயனில்லை. ஸ்பிளெண்டர் வகையில் வலது கவருக்குள் சுழலும் ஆயில் ஃபில்டரும் ஒரு சல்லடையும் உண்டு. ஆயில் மட்டும் மாற்றி, இவற்றை வருடக்கணக்கில் திறக்காமல் விட்டால் கசடு சேர்ந்து வழியை அடைக்கும். சுத்தம் செய்து புது கவர் பேக்கிங் போட்டு மூட வேண்டும்.

பெண்ட் பைப் கசிவு

டேப்பட் என்று எல்லாரையும் ஏமாற்றுவது இதுதான். சைலன்ஸரின் பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் பேக்கிங் போனால், ஒவ்வொரு வெடிப்புக்கும் ‘டிக்’ என்று காற்று சீறும். காலையில் அதிகமாகவும், ஆக்சிலேட்டரைத் திருகும்போது உரக்கவும் கேட்கும். அந்த இடத்தில் கரி படிந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அங்கே லேசாகக் காட்டினால் குமிழி வரும். புது பேக்கிங் போட்டு, இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் கசிவு நிற்காது, ஸ்டட்டும் ஒடியும். ஒடிந்த ஸ்டட்டை அலுமினிய ஹெட்டிலிருந்து எடுப்பது பெரிய வேலை. ஸ்பார்க் பிளக் தளர்ந்தாலும் இதே சத்தம் வரும். வாஷர் உள்ள புது பிளக் என்றால் கையால் உட்காரும்வரை திருகி, பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று போதும்.

டேப்பட் வைப்பது

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அளவுகள் எல்லாம் குளிர்ந்த நிலைக்கானவை. கோடையில் வண்டியை இரவு முழுக்க நிழலில் விட்டு, விடியற்காலையில் செய்யுங்கள். மதியம் வெயிலில் நின்ற எஞ்சின் ஓடாமலேயே சூடாக இருக்கும்.

பிளக்கைக் கழற்றி, இரண்டு டேப்பட் மூடிகளையும், மேக்னட் கவரில் உள்ள இரண்டு மூடிகளையும் எடுங்கள். டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தை முன்னோக்கி மெல்லச் சுற்றினால் கிராங்க் சரியான திசையில் சுற்றும். ‘டி’ என்ற குறி கவரின் குறிக்கு நேராக வரும்போது நிறுத்தி, இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் சிறு ஆட்டம் இருந்தால் பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவில் மேலே நிற்கிறது. ஆட்டம் இல்லாவிட்டால் கிராங்க்கை இன்னொரு முழுச் சுற்று சுற்றி அதே குறிக்குக் கொண்டு வாருங்கள். ‘எஃப்’ குறி இக்னிஷனுக்கானது. அதில் நிறுத்தி வைத்தால் அளவு தவறும்.

இடைவெளி எவ்வளவு? இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் இருக்கும். பல்சர் 150-க்கு இன்லெட் 0.05, எக்ஸாஸ்ட் 0.10. உங்கள் மாடலின் மேனுவலைப் பார்த்தே வையுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து, தகடு லேசாக உரசி நகரும் அளவுக்கு ஸ்க்ரூவைத் திருப்புங்கள். ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு மாறும் என்பதால் மறுபடி பார்ப்பது கட்டாயம். அடுத்த பெரிய தகடு நுழையக் கூடாது. அப்போதுதான் அளவு சரி. மூடும்போது ஓ-ரிங் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அளவு சரியாக வைத்தும் சத்தம் போகவில்லையா? ஸ்க்ரூவின் நுனியையும் ராக்கர் கேமில் உரசும் முகத்தையும் பாருங்கள். தேய்ந்து குழி விழுந்திருந்தால் தட்டையான தகடு குழிமேல் பாலம்போல் நிற்கும், தகடு 0.05 என்று சொல்லும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். இதற்கு மேல் டைட் செய்து ஈடு கட்டப் பார்க்காதீர்கள். ஸ்க்ரூ, ராக்கர் மாற்ற வேண்டும். ராக்கரின் முகம் பொரிந்திருந்தால் கேமையும் சேர்த்துப் பாருங்கள். பொரிந்த கேமில் புது ராக்கர் போட்டால் சீக்கிரமே அதுவும் போகும்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு முறையே வேறு: குளிர்ந்த நிலையில் புஷ் ராடு விரலால் எளிதாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதன் பின் வந்த யு.சி.இ. எஞ்சின் (எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாக இணைந்தது) புல்லட்டில், ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரி செய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட், வைக்க ஒன்றுமில்லை. ஸ்டார்ட் ஆன சில நொடி தட்டி அடங்கினால் சரி. அடங்காவிட்டால் ஆயில் பக்கம் பாருங்கள்.

டைமிங் செயின்

இது ‘டிக்’ அல்ல, ‘கரகர’. ஐட்லிங்கில் கேட்டு, ஆக்சிலேட்டரை விடும்போது கூடும். முதலில், செயினைத் தளராமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர். பல்சர் போன்றவற்றில் சிலிண்டருக்குப் பின்னால் இரண்டு போல்ட்டில் இருக்கும். அதைக் கழற்றியபின் கிராங்க்கைச் சுற்றவே கூடாது. செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். மாட்டும்போது அதன் தண்டை உள்ளே இழுத்து வைத்துவிட்டுத்தான் போல்ட் போட வேண்டும். நீட்டியபடியே இறுக்கினால் செயின் விறைத்துப் போகும். டென்ஷனர் நன்றாக இருந்தும் சத்தம் என்றால் செயின் நீண்டுவிட்டது; ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

அலட்சியம் கூடாத சத்தங்கள்

பால் கேன் கட்டிக்கொண்டு ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மட்டும் ‘கிணிகிணி’ என்று வந்தால், அது டாப் கியரில் திணறும் எஞ்சினில் பெட்ரோல் தன்னால் வெடிப்பது. கியரைக் குறையுங்கள். குறைத்தும் வந்தால் ஹெட்டில் கரி, பெட்ரோல் கலவை, இக்னிஷன் டைமிங் மூன்றையும் பார்க்க வேண்டும். காலையில் சிலிண்டரில் ‘டொக் டொக்’ என்று வந்து சூடானதும் குறைந்தால் பிஸ்டன் தேய்மானம். மேலூர் கிரானைட் தூசியில் ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் ஓட்டிய வண்டிகளில் இது சீக்கிரம் வரும். கூடவே நீலப் புகையும் ஆயில் குறைவதும் இருந்தால் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) வேலை வந்துவிட்டது.

கிராங்க் கேஸிலிருந்து கனமாக, லோடு ஏறும்போது கூடும் ‘டக் டக்’ கேட்டால் கனெக்டிங் ராடு பேரிங். அந்த வண்டியைப் பட்டறைவரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புங்கள். ராடு உடைந்து கேஸைத் துளைத்தால் கிராங்க்கோடு கேஸும் மாற்ற வேண்டிவரும்.