குழந்தைக்குக் கொரோனாவா? தெர்மாமீட்டரைவிட மூச்சைப் பாருங்கள்

வீட்டில் பெரியவர் ஒருவருக்குத் தொண்டை கரகரப்பு. இரண்டு மூன்று நாளில் குழந்தைக்கும் மூக்கு ஒழுகுகிறது. கொரோனா பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் பரவும். காய்ச்சல், சளி, இருமல், தொண்டைவலி, சோர்வு, சில பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வந்து, அநேகமாக ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அறிகுறியை மட்டும் வைத்து இது கொரோனாவா, ஃப்ளூவா என்று யாராலும் சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்லும். ஆனால் குழந்தையை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, உடனே தூக்கிக்கொண்டு ஓடணுமா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கடிகாரம் போதும்.

படி 1: சூட்டை அளப்பது

டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனி அக்குள் நடுவில் படும்படி வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். பீப் சத்தம் வரும்வரை எடுக்கக் கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல்.

வேலூர் வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில் ஷீட் போட்ட வீட்டில் துணி சுற்றிப் படுக்கவைத்த பச்சைக் குழந்தைக்கு நோய் இல்லாமலே உடம்பு சுடும். துணியைத் தளர்த்தி, நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் படுக்கவைத்து, 20 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். குறையவில்லை என்றால் காய்ச்சல்தான். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 வந்தால் வீட்டு மருந்து எதுவும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

படி 2: மூச்சை எண்ணுவது

முக்கியமான படி இதுதான், அதிகம் தவறுவதும் இதில்தான். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை மேலே ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது கைக்குழந்தைகளிடம் சரிப்படாது. அவர்கள் கொஞ்சம் வேகமாக மூச்சு விடுவார்கள், சில விநாடி நிறுத்துவார்கள், மறுபடி தொடங்குவார்கள். அழும்போதும், பால் குடித்த கையோடும் எண்ணினால் கணக்கு கூடிவிடும்.

2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு முறை எண்ணி, அப்போதும் அப்படியே இருந்தால் கிளம்புங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சு இழுக்கும்போது அந்த இடம் குழிவிழுகிறதா? மூக்குத் துளை விரிகிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலே போதும், காத்திருக்கக் கூடாது. நாய் குரைப்பதுபோல் இருமி, அழாமல் இருக்கும்போதும் மூச்சு இழுக்கையில் 'கீச்' சத்தம் வந்தாலும் அப்படியே.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் பெரியவர்களின் ஆக்சிமீட்டர் கைக்குழந்தை விரலில் நிற்காது, அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பெரிய பிள்ளைகளுக்குப் போடும்போது மருதாணி, நெயில் பாலிஷ் இல்லாத விரலில் போடுங்கள். 94க்குக் கீழே போனால் மருத்துவமனை.

படி 3: பாலும் மூத்திரமும்

சளி பிடித்த குழந்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் குடிப்பது இயல்பு. பாதிகூடக் குடிக்கவில்லை, 6 மணி நேரமாகத் துணி நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். தாய்க்குக் கொரோனா இருந்தாலும் முகக்கவசம் போட்டு, கை கழுவித் தாய்ப்பால் கொடுக்கலாம், நிறுத்த வேண்டாம்.

படி 4: பாராசிட்டமால்

ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. தவறு நடப்பது பாட்டிலில். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வையுங்கள். 5 மில்லியில் 125 உள்ள சிரப்பில் அது 6 மில்லி, 250 உள்ள சிரப்பில் 3 மில்லி, ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தில் வெறும் 1.5 மில்லி. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம்.

ஆஸ்பிரின் கூடவே கூடாது. மழைக்காலத்தில் நம் பக்கம் டெங்குவும் இருக்கும், அதனால் இப்யூபுரூஃபனையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் கொரோனா வைரஸை ஒன்றும் செய்யாது.

சாம்பிராணிப் புகை, உரை மருந்து, தொக்கம் எடுப்பது (உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வழக்கம்) மூன்றையும் இந்த நாட்களில் தள்ளி வையுங்கள். புகை மூச்சுக்குழாயை இன்னும் சுருக்கும். தொக்கம் எடுக்கப் போகும் அரை நாளில் வேகமூச்சு இருப்பது தெரியாமல் போய்விடும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

படி 5: எப்போது கிளம்புவது

மேலே சொன்ன மூச்சுத் தொல்லை, உதடு நீலம், எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், வலிப்பு. உடனே 108. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி திணிக்கவோ வாயில் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். வேலூர் நகரத்தில் இருப்பவர்களுக்கு சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கம். அணைக்கட்டு மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் இருட்டும்வரை காத்திருக்காமல் மாலையிலேயே இறங்கிவிடுங்கள். சந்தேகம் கேட்க அரசு மருத்துவ உதவி எண் 104.

படி 6: காலண்டரில் ஒரு குறி

நோய் தொடங்கிய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். கொரோனா வந்து போன 2 முதல் 6 வாரத்துக்குள் அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு உடம்பின் பல உறுப்புகளிலும் அழற்சி வரும், இதயத்தையும் தொடும். விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பில் தடிப்பு, கடும் வயிற்றுவலி இதன் அடையாளங்கள். முதல் தடவை ஒன்றுமே இல்லாததுபோல் கடந்துபோன குழந்தைக்கும் வரலாம். அப்படி வந்தால் மருத்துவரிடம் முதலில் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.