திருமலையில் சைக்கிள் ஓடுபவர்கள் விடும் பிழைகள்

திருகோணமலையில் சைக்கிளை எடுப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீற்றர்?" என்றுதான். உப்புவெளி 5, 6. கன்னியா 8 அளவில். நிலாவெளி 15. எல்லாம் கால் வலிக்காத தூரம் போலத்தான் இருக்கும். காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இங்கே ஆளைக் கவிழ்ப்பது அதுதான்.

வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் கச்சான் காற்று. மேற்கிலிருந்து தரைச் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வரும். போத்தல் தண்ணீர் அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணிச் சூட்டுக்கு வந்துவிடும். கன்னியா மேற்குப் பக்கம் என்பதால் போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். அது பரவாயில்லை, கஷ்டம் முதலிலேயே முடிந்துவிடும். வடக்கே போகும் நிலாவெளிப் பாதை அப்படியல்ல. காற்று கொஞ்சம் தெற்கே சாய்ந்துவிட்டால் போகும்போது சைக்கிள் தானாகவே ஓடும். ஒரு ஆனி மாதம், காலை 9 மணிக்குப் புறப்பட்டு, "என்ன சுகம்" என்று நிலாவெளியையும் தாண்டி இறக்கக்கண்டிப் பாலம் வரை மிதித்துவிட்டேன். திரும்பி வரும்போது சாம்பல்தீவு வருவதற்குள் இரண்டு தடவை இறங்கி உருட்டினேன். கச்சான் காலத்தில் 6 மணிக்கு முன்பே புறப்பட்டு, 9 மணிக்குள் வீடு வந்துவிடுங்கள்.

அடுத்த பிழை, கடற்கரையில் ஓடும் ஆசை. படங்களில் ஈரமணலில் ஓடுகிறார்களே என்று உப்புவெளியில் இறக்குவார்கள். நம் கடலில் வற்றும் பெருக்கும் மிகக் குறைவு. வற்று நேரத்தில் அகலமான கெட்டி மணல் வெளிப்படும் கடற்கரை இது இல்லை. நாலு மிதி மிதித்ததும் முன் சில்லு புதையும். அதைவிட மோசம் உப்பு. அன்று மாலையே நல்ல தண்ணீரால் செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் போடாவிட்டால், விடிய அது செங்கல் நிறத்தில் இருக்கும். மிதித்தால் கிறீச் என்று அழும். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கைகளில் நெருஞ்சியும் உண்டு. ஒட்டுப் போடும் சாமானும் சின்னப் பம்பும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகாதீர்கள். கடை பூட்டியிருந்தால் நடைதான்.

கோணேசர் கோயிலுக்குச் சைக்கிளில் போகலாம், ஆனால் வான்கள் வந்து குவிவதற்கு முன் போக வேண்டும். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசல் ஒடுக்கம். உள்ளே மான்கள் திரியும். யாராவது வாழைப்பழத்தோடு நிற்கக் கண்டால் வீதிக்குக் குறுக்கே பாயும், மணி அடித்தாலும் கேட்பதில்லை. ஏறும்போது மூச்சு வாங்கிய ஆத்திரத்தை இறங்கும்போது தீர்க்கப் பார்ப்பதுதான் இங்கே பிழை. புறப்படுமுன் பிரேக் கட்டையைப் பார்த்துவிடுங்கள்.

கன்னியாவில் ஒரு சின்ன விஷயம். ஏழு கிணறும் ஏழு சூடு. மிதித்து வேர்த்துக் கொட்டிய உடம்பில், போன கையோடு வெந்நீரை வாளி வாளியாக ஊற்றாதீர்கள். தலை சுற்றும். கொஞ்ச நேரம் நிழலில் இருந்து, தண்ணீர் குடித்து, அப்புறம் குளியுங்கள்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன்பு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடப்போம். இப்போது பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்கிறார்கள். திறந்த கடல்வெளி, பக்கக் காற்று, பின்னால் பஸ். இரண்டு கையும் கைபிடியில் இருக்கட்டும். படம் வேண்டுமென்றால் பாலம் முடிந்த பிறகு எடுக்கலாம். பஸ் ஹோன் அடித்ததும் பதறித் தார் விட்டு இறங்குவதும் இந்த வீதிகளில் வழக்கமான பிழைதான். ஓரத்து மணல் சில்லை இழுத்துச் சாய்த்துவிடும். முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு நேராக இறங்குங்கள்.

புதிதாகப் பழகுபவர்களும் பிள்ளைகளோடு வருபவர்களும் உட்துறைமுக வீதியோடு நிற்கலாம். சமதரை, பக்கத்தில் தண்ணீர், விடியற்காலையில் வாகனமும் குறைவு.

கந்தளாய் வீதியில் தூரப் பயணம் போகிறவர்கள் பொழுது படுமுன் திரும்பிவிட வேண்டும், அது யானை நடமாடும் பக்கம். டவுனுக்குள் யானை இல்லை, மாடுதான். இரவில் தார்ச் சூட்டுக்கு நடு வீதியில் படுத்திருக்கும், அதுவும் கறுத்த மாடு. பக்கத்தில் போய்ப் பெருமூச்சுக் கேட்ட பிறகே எனக்குத் தெரிந்தது. மறுநாளே நல்ல லைட் ஒன்று வாங்கினேன்.