அன்பியக் கூட்டத்தின் ஆறாம் படி

ஒரு தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு குழுவே அன்பியம். அதன் பொறுப்பை ஏற்கும் ஒருவர் முதலில் வாங்க வேண்டியது பாட்டுப் புத்தகமன்று, எண்பது பக்க நோட்டு ஒன்று. தம் தெருவிலுள்ள இருபது முப்பது கத்தோலிக்கக் குடும்பங்களைப் பெயர் பெயராக அதில் எழுதி, எந்த வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாய் இருக்கிறார், எந்த வீட்டில் முதியவர் தனியே சமைத்து உண்கிறார், யார் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடன், குடும்பச் சண்டை, குடிப்பழக்கம் ஆகியவற்றை எழுத வேண்டாம், நோட்டு கைமாறக்கூடியது. எழுதத் தொடங்கியதும், ஆண்டுக்கணக்கில் ஒரே தெருவில் குடியிருந்தும் பாதி வீடுகளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்பது விளங்கும். எனக்கு அப்படித்தான் விளங்கியது.

கூட்டத்தை நடத்துவதற்குப் பல பங்குகளில், அதாவது ஒரு கோயிலைச் சார்ந்த மக்கள் சமூகங்களில், நற்செய்திப் பகிர்வின் ஏழு படிகளைக் கைக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசிய நாடுகளுக்கும் பரவிய முறை அது. ஆண்டவரை அழைத்தல், இறைவார்த்தையை வாசித்தல், மனத்தைத் தொட்ட சொற்களைத் திரும்பச் சொல்லுதல், மௌனம், பகிர்தல் ஆகிய ஐந்து படிகளுக்குப் பின், ஆண்டவர் நம்மை என்ன செய்யச் சொல்கிறார் என்று கூடிப் பேசி முடிவெடுப்பது ஆறாம் படி. ஏழாவது, சேர்ந்து செபித்தல். நடைமுறையிலோ பகிர்தல் என்பது யாராவது ஒருவரின் மறையுரையாக நீண்டுவிடுகிறது. அடுப்படியில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது என்று ஆறாம் படியைத் தாண்டி நேரே செபத்துக்குப் போய்விடுகிறோம். எங்கள் அன்பியம் இப்படியே சில ஆண்டுகள் ஓடியது. பாடல் நன்றாக இருந்தது, தெருவில் எதுவும் மாறவில்லை.

ஆகவே, ஒரு மணி நேரக் கூட்டத்தில் கடைசி இருபது நிமிடங்களை ஆறாம் படிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். "ஏழைகளுக்கு உதவுவோம்" என்பது முடிவாகாது. வியாழக்கிழமை காலை, கடைசி வீட்டுப் பாட்டியைக் கண் மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வது, ஆட்டோவுக்கு யார் கொடுப்பது என்று தீர்மானிப்பதே முடிவு. அதை நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதல் பாடலுக்கு முன்பே வாசியுங்கள். செய்யாமல் விட்டவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை, வாசித்தாலே போதும்.

வீடு சந்திக்கச் செல்லும்போது இருவர் இருவராகச் செல்வது நல்லது. 1833இல் பாரிஸ் நகரில், இருபது வயது மாணவராயிருந்த பிரடெரிக் ஓசனாம் தம் நண்பர்களுடன் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை இன்றும் இவ்வழக்கத்தைக் காத்து வருகிறது. அந்த இளைஞர்களுக்கு ஏழைகளின் வீடுகளைக் காட்டி, எப்படிச் சந்திப்பது என்று பழக்கியவர் ரோசலி என்னும் அருள்சகோதரி. சென்ற வீட்டில் உட்காருங்கள். கொடுக்கும் தண்ணீரைக் குடியுங்கள். பொருளைக் கொடுத்துப் புகைப்படம் எடுக்காதீர்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்ற இயேசு, கைப்பேசிக்குத் தெரியலாம் என்று சொல்லவில்லை.

நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு தயக்கத்தை எதிர்பார்க்கலாம். நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலை முன்பு அவஸ்தைபூசுதல் என்று அழைத்த பழக்கத்தினால், சாமியாரை வரவழைத்தாலே நோயாளி பிழைக்கமாட்டார் என்று வீட்டார் அஞ்சி, நினைவு தப்பும்வரை தள்ளிப்போடுகிறார்கள். அந்த அருளடையாளம் சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலேயே தெளிவாகக் கூறிவிட்டது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, நற்கருணை பெற விரும்பும் நோயாளிகளின் பட்டியலை மாதத்தின் முதல் வெள்ளிக்கு முன்பே பங்குத்தந்தையிடம் சேர்ப்பது அன்பியம் செய்யக்கூடிய பயனுள்ள வேலைகளில் ஒன்று. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்தில் துணைக்கு நிற்பதும் அதே வரிசையில் வரும். அரிசிப் பை கொடுப்பதைவிட அது கடினம், ஏனென்றால் அதற்கு ஒரு நாள் கூலியோ விடுப்போ போகும்.

இரக்கச் செயல்களைப் பற்றிப் பேசும் முன் நீதியைப் பார்க்க வேண்டும். நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை அன்பளிப்பைப் போலக் கொடுக்கலாகாது என்று குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965இல் வெளிவந்த அதே சங்கத்தின் ஏடு கூறுகிறது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டு, கிறிஸ்து பிறப்புக்கு அவருக்குச் சேலை எடுத்துக் கொடுப்பவர், இந்த வரியை ஆறாம் படியில் ஒரு முறை வாசித்துப் பார்க்கலாம்.

சாதியைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. கூட்டத்தை வீட்டுமுறையில் நடத்துவது வழக்கம்; ஆனால் சில வீடுகளின் முறை வரும்போது மட்டும் வருகை குறைவதையும், வந்தவர்கள் தேநீரை வேண்டாம் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரையும் சமமாக நடத்தியவர். 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவர் படத்தை மாட்டிய அன்பியத்தில் வீட்டுமுறையைப் பெயர் எழுதிச் சுழற்சியாகவே நடத்த வேண்டும்; யாருடைய வசதிக்காகவும் ஒரு வீட்டைத் தாண்டக் கூடாது. ஒருங்கிணைப்பாளர் முதலில் சென்று முதல் குவளையை வாங்கிக் குடித்தால், மற்றவர்கள் பெரும்பாலும் பின்தொடர்வார்கள். பின்தொடராதவர்களிடம் தனியே பேச வேண்டியிருக்கும். அது இனிமையான வேலையன்று.

துக்க வீட்டுக்கு முன்னேற்பாடு வேண்டும். பங்குத்தந்தைக்கும், கோயில் பணிகளில் அவருக்குத் துணைநிற்கும் உபதேசியாருக்கும் தகவல் சொல்பவர், கல்லறைக் குழிக்கும் பெட்டிக்கும் ஏற்பாடு செய்பவர், வந்தோருக்கும் வீட்டாருக்கும் உணவு கொண்டுவருபவர், இரவில் செபமாலை சொல்லுபவர் எனப் பெயர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும். இறந்தோரைத் தன் உயிரையும் பாராமல் அடக்கம் செய்த, விவிலியத்தில் வரும் தோபித்தைத் திருச்சபை நினைவில் வைத்திருப்பது காரணமின்றியன்று.

பணத்துக்குப் பழைய பிடியரிசி முறையே போதுமானது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவருவது எந்த வீட்டுக்கும் பாரமாவதில்லை; அரிசி சமைக்காத வீட்டார் காசாகத் தரலாம். கணக்கை இருவர் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதை மட்டும் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். எந்த வீட்டுக்குப் போனது என்பது அந்த இருவருக்கும் பங்குத்தந்தைக்கும் தெரிந்தால் போதும்.