ஸ்டடி ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் முன்: மும்பைத் தமிழர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கேஇஎம், சயான், நாயர், டாடா என்று மும்பையின் எந்தப் பெரிய மருத்துவமனை ஓபிடியில் நின்றாலும் இது நடக்கலாம். டாக்டர் கேஸ் பேப்பரைப் புரட்டிவிட்டு, "உங்களுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு ஸ்டடி நடக்கிறது, சேருகிறீர்களா?" என்பார். பக்கத்து அறையில் கோஆர்டினேட்டர் ஒருவர் தடிமனான தாள் கற்றையை நீட்டுவார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் இருக்கும்.

நான் இந்த ஊரில் சில வருடங்கள் ஆய்வுக் கோஆர்டினேட்டராக வேலை பார்த்தவன். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கமிருந்து வரும் நம் ஆட்களில் பலர் "நீங்க பாத்துச் செய்யுங்க டாக்டர்" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இன்னும் பலர் "எங்கள வச்சு சோதிச்சுப் பாக்காங்க" என்று பயந்து போய்விடுவார்கள். இரண்டும் வேண்டாம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தால் நீங்களே தெரிந்து முடிவெடுக்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. வைத்தியம் உங்களைக் குணமாக்கச் செய்வது. ஆய்வு ஒரு கேள்விக்கு விடை தேடுவது. அந்த விடையால் உங்களுக்கே பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் அந்த விடை இல்லாமல் மருத்துவம் நகராது. 1956-ல் மெட்ராஸில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியபோது, காசநோய்க்காரர்களை சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் தேறுவார்கள் என்று உலகமே நம்பியது. ஒரு பகுதியினரை சானடோரியத்துக்கும், மற்றவர்களை வீட்டிலேயே மருந்து சாப்பிடவும் அனுப்பி ஒரு வருடம் பார்த்தார்கள். 1959-ல் வந்த முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. பல நாடுகளில் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே குணமடைய அந்த மெட்ராஸ்காரர்கள் கொடுத்த சம்மதம் வழி செய்தது. இன்றும் அந்த நிறுவனம் சென்னை சேத்துப்பட்டில் இயங்குகிறது.

படி 1: தாளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள், தமிழில் கேளுங்கள்

"வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவசர சிகிச்சை சார்ந்த சில ஆய்வுகளில் மட்டும் அவ்வளவு நேரம் இருக்காது.

மும்பையில் ஃபாரம் பெரும்பாலும் ஆங்கிலம், மராத்தி, இந்தி மூன்றிலும் தயாராக இருக்கும். தமிழில் இருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். சேருகிறவருக்குப் புரிகிற மொழியில் தகவல் தருவது அவர்கள் கடமை. தமிழ்த் தாளையும் மருத்துவமனையின் எதிக்ஸ் கமிட்டி (ஆய்வில் சேருகிறவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் குழு) பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். வார்டில் யாரோ ஒருவர் இந்தியைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவது இதற்கு ஈடாகாது.

படிக்கத் தெரியாதவருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வுக்குழுவைச் சேராத ஒரு சாட்சி அப்போது முழு நேரமும் கூட இருந்து அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். வழக்கமாக எதிக்ஸ் கமிட்டியின் முத்திரையும் இருக்கும். முத்திரை இல்லாத வெறும் ஜெராக்ஸ் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

நம் வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலம் படிப்பார்கள், தமிழ் வாசிக்கத் தெரியாது. பெரியவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் ஓடும். ஆகவே இரண்டு மொழித் தாளையும் வாங்கி வந்து இருவரும் பக்கம் பக்கமாகச் சேர்ந்து படியுங்கள். அடுத்த படிக்கு அந்தப் பிள்ளை கட்டாயம் தேவை.

படி 2: சிடிஆர்ஐயில் தேடுங்கள்

மனிதர்கள் மீது நடக்கும் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்ய மத்திய அரசின் பதிவேடு ஒன்று இருக்கிறது. பெயர் கிளினிக்கல் ட்ரையல்ஸ் ரிஜிஸ்ட்ரி இந்தியா, சுருக்கமாக சிடிஆர்ஐ. 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி (டிசிஜிஐ) அனுமதிக்கும் ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

கூகுளில் சிடிஆர்ஐ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அரசின் பதிவேட்டுத் தளம்தானா என்று பார்த்துத் திறங்கள். ஆய்வின் எண் சிடிஆர்ஐ என்று தொடங்கி, வருடம், மாதம், பிறகு ஒரு நீண்ட எண் என்று இருக்கும். தாளில் அது இல்லாவிட்டால் கோஆர்டினேட்டரிடம் கேளுங்கள். எண்ணே கிடைக்காவிட்டாலும் நோயின் பெயரையோ மருந்தின் பெயரையோ போட்டுத் தேடலாம்.

பக்கம் திறந்ததும் மேலேயே பதிவு தேதி இருக்கும், 'ப்ராஸ்பெக்டிவ்' அல்லது 'ரெட்ரோஸ்பெக்டிவ்' என்று ஒரு சொல்லும் இருக்கும். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்திருந்தால் ப்ராஸ்பெக்டிவ். 2018 ஏப்ரல் முதல் அப்படித்தான் பதிவு செய்ய வேண்டும். முடிவு எப்படி வருகிறதென்று பார்த்துவிட்டு, பிறகு கேள்வியை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதுதான் காரணம்.

'சைட்ஸ் ஆஃப் ஸ்டடி' என்ற பகுதியில் உங்கள் மருத்துவமனையும் உங்கள் டாக்டரின் துறையும் இருக்கின்றனவா? எதிக்ஸ் கமிட்டி பகுதியில் அந்த மருத்துவமனைக்கு எதிரே 'அப்ரூவ்டு' என்று இருக்கிறதா? பணம் யாருடையது, அரசா கம்பெனியா? இவற்றைப் பாருங்கள். டிசிஜிஐ அனுமதி என்ற இடத்தில் 'நாட் அப்ளிக்கபிள்' என்று இருந்தால் உடனே பதற வேண்டாம். புது மருந்து எதுவும் இல்லாத ஆய்வுகளில் அப்படி வருவது சகஜம்.

படி 3: 'பிரைமரி அவுட்கம்' வரியை நிதானமாகப் படியுங்கள்

சிடிஆர்ஐ பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இந்த ஒரு வரியை விடாதீர்கள். இந்த ஆய்வு வெற்றி என்று எதைச் சொல்லப் போகிறது என்பது அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே எத்தனை வாரத்தில், எத்தனை மாதத்தில் அளப்பார்கள் என்றும் இருக்கும்.

சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, காலை எடுக்காமல் காப்பாற்ற வேண்டும். ஆய்வின் பிரைமரி அவுட்கம் "24-வது வாரத்தில் எச்பிஏ1சி அளவு" என்று இருந்தால், அது ரத்தத்தில் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் ஒரு எண்ணை அளக்கிறது. எண் குறைந்தால் ஆய்வு ஜெயித்துவிடும், கால் என்ன ஆயிற்று என்று கேட்கவே கேட்காது. "12 மாதத்துக்குள் காலை அகற்ற வேண்டி வந்ததா" என்று இருந்தால் அது அவருடைய கேள்வியும்தான்.

ரிப்போர்ட் நன்றாக இருந்தால் நோயாளியும் நன்றாகத்தானே இருப்பார் என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. மாரடைப்பு வந்தவர்களில் சிலருக்கு இதயம் இடையிடையே தாளம் தப்பித் துடிக்கும். அதை அடக்க என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்று மருந்துகள் இருந்தன. ஈசிஜியில் அந்தத் தப்பிய துடிப்புகள் அருமையாகக் குறைந்தன, டாக்டர்களும் நம்பிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் காஸ்ட் என்ற ஆய்வு, இந்த மருந்து சாப்பிட்டவர்களையும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டு, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணியது. மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். 1989-ல் அந்த இரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஈசிஜியை மட்டும் அளந்திருந்தால் அது மாபெரும் வெற்றி என்று எழுதியிருப்பார்கள்.

அதற்காக ரத்த அளவை அளக்கும் ஆய்வெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பக் கட்டத்தில் அதைத்தான் அளக்க முடியும். 'ஃபேஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். ஃபேஸ் 1 என்றால் மருந்து மனிதருக்குப் பாதுகாப்பா, எவ்வளவு தரலாம் என்று சிலரிடம் மட்டும் பார்ப்பது. ஃபேஸ் 2-ல் வேலை செய்கிற அறிகுறி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஃபேஸ் 3 என்றால் நிறையப் பேரிடம், இப்போதுள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவது. ஃபேஸ் 4, மருந்து கடைக்கு வந்த பிறகு. ஃபேஸ் 1-ல் சேருகிறவர் தனக்குக் குணமாகும் என்ற எதிர்பார்ப்பை ரொம்பக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். இதை டாக்டரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

படி 4: எந்தக் குழுவில் போடுவார்கள், அந்தக் குழுவுக்கு என்ன கிடைக்கும்

பெரும்பாலான ஃபேஸ் 3 ஆய்வுகளில் கணினி குலுக்கல் முறையில் குழு பிரிக்கும். டாக்டர் நினைத்தாலும் உங்களைப் புது மருந்துக் குழுவுக்கு மாற்ற முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "புது மருந்து கிடைக்காத குழுவுக்கு என்ன சிகிச்சை?"

டாடா மெமோரியல் முன்னின்று இந்தியாவில் 11 மையங்களில் நடத்திய மார்பகப் புற்றுநோய் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அறுவைக்குச் சில நிமிடங்கள் முன்பு, பாதிப் பேருக்குக் கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் போட்டார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் அதே மலிவான மருந்துதான். மற்ற பாதிக்கு அந்த ஊசி இல்லை. ஆனால் அறுவையும் அதற்குப் பிந்தைய சிகிச்சையும் இரு குழுவுக்கும் முழுமையாகக் கிடைத்தன. சுமார் 1,600 பெண்கள் கலந்துகொண்டார்கள். 2023-ல் வெளியான முடிவில், 5 வருடம் கழித்து உயிருடன் இருந்தவர்கள் ஊசி போட்ட குழுவில் 90.1 சதவீதம், போடாத குழுவில் 86.4 சதவீதம். அதாவது 100 பெண்களில் கிட்டத்தட்ட 4 பேர் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். எந்த ஆய்வு முடிவையும் இப்படி நூறு பேருக்கு எத்தனை பேர் என்று மாற்றிப் பாருங்கள், பலனின் உண்மையான அளவு தெரியும்.

படி 5: பணமும் பாதிப்பும்

ஆய்வுக்கென்று கூடுதலாகச் செய்யும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகளுக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. வந்து போகும் செலவு தருவார்களா என்று தாளிலேயே பாருங்கள்.

புது மருந்து ஆய்வுகளுக்கு 2019-ல் வந்த விதிகள் பொருந்தும். பாதிப்பு ஏற்பட்டால், சிகிச்சை தேவைப்படும் வரை, அல்லது ஆய்வால் வந்ததல்ல என்று நிரூபணமாகும் வரை, இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும். ஆய்வால்தான் என்று முடிவானால் நஷ்டஈடும் உண்டு. கடுமையான பாதிப்பு என்றால், தெரிய வந்த 24 மணி நேரத்துக்குள் டாக்டர் மேலே தெரிவித்தாக வேண்டும். ஆகவே ராத்திரி வேறு மருத்துவமனையில் சேர்த்தாலும் கோஆர்டினேட்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

சம்மதத் தாளில் உங்கள் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் எல்லாம் கேட்டிருக்கும். வருமானத்தைப் பார்த்துப் பலர் தயங்குவார்கள். சட்டப்படியான ஃபாரத்திலேயே உள்ள கட்டம் அது. நாமினி பெயரைக் காலியாக விடாதீர்கள்.

படி 6: மறுநாள் போய்க் கேட்பது

கேள்விகளைத் தாளின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஆய்வு முடிந்த பிறகும் அந்த மருந்து எனக்கு நன்றாக வேலை செய்தால் தொடர்ந்து கிடைக்குமா? ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையோ நாட்டு மருந்தையோ நிறுத்தணுமா? எத்தனை தடவை வரணும்?

கடைசிக் கேள்வி நமக்கு முக்கியம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் இரண்டு மூன்று வாரம் தங்கிவிடுவார்கள். ஆய்வில் ஒவ்வொரு வருகைக்கும் குறிப்பிட்ட நாள் உண்டு, சில நாள் முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான். ஊருக்குப் போகும் தேதியை முன்கூட்டியே சொன்னால் தேதியை நகர்த்தவோ கூடுதல் மாத்திரை தரவோ முடியுமா என்று பார்ப்பார்கள்.

தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கமிருந்து வந்த ஓர் அக்கா, கணவர் வெளியே பெஞ்சில் இருக்க, என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வேண்டாம்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்கிட்டு இவுகள சரியா பாக்காம விட்ருவாகளா தம்பி?"

"இல்லக்கா. வேண்டாம்னாலும் இப்ப நடக்கிற வைத்தியம் அப்படியே நடக்கும். இந்தா, இதுலயே போட்டிருக்கு பாருங்க" என்று தாளில் அந்த வரியைக் காட்டினேன். அவர் அதை விரல் வைத்து இரண்டு முறை வாசித்துவிட்டு, கணவரைக் கூப்பிட்டு அவரையும் வாசிக்கச் சொன்னார். உங்கள் தாளிலும் அந்த வரி இருக்கும். தேடி அடிக்கோடு போட்டு வையுங்கள்.

டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் எதிக்ஸ் கமிட்டியிடமே கேட்கலாம். தாளில் அவர்கள் தொலைபேசி எண் இருக்கும். அந்தக் கமிட்டியில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண நபரும் அதில் உண்டு, உங்களைப் போன்றவர்கள் சார்பில் கேள்வி கேட்கத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

படி 7: கையெழுத்தும் அதற்குப் பிறகும்

சரி, சேருவது என்று முடிவெடுத்துவிட்டால், தேதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள். டாக்டரும் உங்கள் எதிரில் கையெழுத்துப் போடட்டும். கையெழுத்தான ஃபாரத்தின் நகலும் தகவல் தாளும் உங்களுக்குத் தரப்பட வேண்டும். வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அவற்றைக் கேஸ் பேப்பர் ஃபைலிலேயே வையுங்கள். ஆய்வின் பெயரும் போன் எண்ணும் எழுதிய சிறு சீட்டு ஒன்று பர்ஸிலும் இருக்கட்டும். லோக்கல் ட்ரெயினில் மயங்கி விழுந்தால், உங்களைத் தூக்கிச் செல்லும் மருத்துவமனைக்கு அந்தச் சீட்டுதான் விஷயத்தைச் சொல்லும்.

நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமலே விலகலாம். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு ஊருக்கு ரயில் ஏறிவிடாதீர்கள். சில மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். கோஆர்டினேட்டரிடம் சொல்லி, கடைசியாக ஒருமுறை போய் ரத்தம் கொடுத்து, மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.